மீசை வைத்த மணப்பெண்

அறுபத்திரண்டு வாக்கில் இருக்கும். கன்னிவாடி மலையடியில் ஒரு சினிமாப் படம் பிடிக்க வந்தார்கள். பெரிய கம்பெனி இல்லை. ஏழெட்டுப் பேர், ஒரு கேமரா. காதலித்தவன் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தப் பெண் வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு மாட்டு வண்டியில் போகிற கதை. என் வண்டியைக் கேட்டார்கள். கூண்டு கட்டிக் கொடுத்தேன்.

கதையைக் கேட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அப்படி நடந்திருந்தது. எங்கள் தெருப் பெண். "வீட்டுல வந்து கேட்டாத்தான் என்னவாம்?" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் போய்க் கேட்கவில்லை. நத்தத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவள் வண்டி ஏறிப் போன அன்று தெருமுனையில் நின்றேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. இம்புட்டுத்தான் இவள் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷமாக அந்தக் கோபம்.

கடைசி நாள் படத்தில் நடித்த பெண் வரவில்லை. படம் எடுப்பவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். நான்தான் ஒல்லி. "முதுகுதானப்பா தெரியும். நீயே உட்காரு" என்றார்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா சேலை கொடுத்தது. அதுவே கட்டியும் விட்டது. சவுரி வைத்து, பூவும் வைத்தது. "ஏலே, எந்தம்பிக்கே உன்னையக் கேக்கலாம் போலருக்கே" என்று ஒரே சிரிப்பு.

மாட்டை என் மச்சான் ஓட்டினான். வண்டி நகர்ந்ததும் பின்னால் கதாநாயகன் அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடி வந்தான். சட்டென்று திரும்பிவிட்டேன். கேமராவில் என் மீசை விழுந்தது. ஊரே சிரித்தது. "பிலிம் போச்சே" என்று படம் எடுப்பவர் தலையில் கை வைத்தார்.

அக்கா வந்து பூவைச் சரி செய்தது. "கூப்புட்டாத் திரும்பிருவியா? நாங்கல்லாம் திரும்புனமா?"

"திரும்புனா என்னக்கா?"

"யாரப் பாத்தாள்னு ஊரு தேடாதா? அப்புறம் நிக்கிறவன் தலைதான உருளும்." அக்கா இப்போது சிரிக்கவில்லை. "கழுத்து இத்துப்போனாலும் நேராத்தான் பாக்கணும்."

மறுபடி எடுத்தார்கள். பின்னால் சத்தம் வரவர என் கழுத்து கல்லாகிவிட்டது. நல்லா வந்திருக்கு என்றார்கள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. "எறங்குலே, மாமியா வீடு இன்னும் வரலையாக்கும்?" என்றான் மச்சான்.

அதற்கு முந்தின வருஷம் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்திருந்தேன். இடுப்பில் பிள்ளை, பக்கத்தில் புருஷன். அவளாகவே நாலு எட்டு வந்து, "நல்லாருக்கீகளா?" என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன். அந்த மனுஷன் "யாரது?" என்று கேட்டிருப்பார். அவள் என்ன சொல்லிச் சமாளித்தாளோ.

நத்தம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று பலநாள் நினைத்தேன். எந்த முறையில் போவது? போனால் அவளுக்குத்தான் தொல்லை. போகவில்லை. அந்தப் படம் திண்டுக்கல்லில் நாலு நாள் ஓடியது. அதற்கும் போகவில்லை.

இப்போதும் யாராவது என்னிடம் நலம் விசாரித்தால் உடனே நின்று பதில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லாமல் விட்டது மட்டும் அப்படியே இருக்கிறது.