பூந்தமல்லியில் மைனஸ் நூற்றுத் தொண்ணூறு

ஃபாரூக் நல்ல தொழில்காரன். பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஆனால் அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை, செய்தவன் வைத்த வேகத்துக்கு மேலே விரட்டி ஓடவிடுவது. இதற்கென்றே உலகம் முழுக்கப் போட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் தன் பெயர் ஒருநாளாவது மேலே வரவேண்டும் என்று துடித்தான். ஆசை யாரைத்தான் விட்டது!

வேகம் கூடினால் பிராசசர் கொதிக்கும். காற்றாடியும் தண்ணீரும் ஓரளவுக்குத்தான் தாங்கும். அதற்கு மேலே இரண்டு வழி. ஒன்று, கல்யாண மேடையில் புகை கிளப்புவார்களே, அந்த உலர்பனிக்கட்டி. இன்னொன்று திரவ நைட்ரஜன்; மைனஸ் நூற்றுத் தொண்ணூறு டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர். உலர்பனியில் பட்டியலின் நடுவில்கூட இடம் கிடைக்காது. நைட்ரஜனோ ஆபத்தான சரக்கு. கடைசியில் அதையே எடுத்தான்.

"தீப்பிடிக்குமாங்க?" என்று கேட்டாள் மனைவி இஃபத்.

"பிடிக்காது."

"விஷமா?"

"அட, இல்ல. நாம மூச்சு விடுற காத்துல முக்கால்வாசி அதான்."

பொய் இல்லைதான். ஆனால் மீதியை விழுங்கிவிட்டான். அது ஆவியாகி நல்ல காற்றை வெளியே தள்ளிவிடும். மூடிய அறையில் மூச்சு போவதே தெரியாது. அதைச் சொன்னால் அவள் வீட்டுக்குள் விடுவாளா? "கதவு ஜன்னல் திறந்தே கெடக்கட்டும், புழுக்கமா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பன் வரதன் நைட்ரஜன் கேனோடு வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவன்; பிராசசர் மேல் உட்காரும் செம்புக் குவளையை அவனே கடைந்து கொடுத்திருந்தான். முன்னறை மேசையில் வைத்து அவன் அதில் நைட்ரஜனை ஊற்ற ஊற்ற, வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கியது. ஃபாரூக் விசைப்பலகையை விட்டு நகரவில்லை. நிமிஷத்துக்கு ஒருதரம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். திரையில் வேகத்தின் எண் ஏற ஏற, பார்ப்பதும் குறைந்துபோயிற்று.

பள்ளிவாசலில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அந்த நேரத்தில் வாசலையும் ஜன்னலையும் சாத்தி, பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். கொசுவும் அந்த நேரத்தில்தான் படையெடுக்கும். இஃபத் தெருவில் விளையாடிய நான்கு வயது மகள் ஹிபாவை உள்ளே விட்டு, எல்லாவற்றையும் சாத்திவிட்டுத் தொழப் போனாள். தாழ்ப்பாள் சத்தம் ஃபாரூக்கின் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"அத்தா, மேகம்!" மேசைக்கு அடியில் உட்கார்ந்து புகையை அள்ளினாள் ஹிபா.

"ஆமாடா கண்ணு" என்றான், திரையைப் பார்த்தபடியே. இன்னும் கொஞ்சம் எண் ஏறினால் போதும்.

"மாமே, தல கிர்ருனு சுத்துதுடா" என்று வரதன் சுவரைப் பிடித்தான். "இன்னாடா ஆவுது எனக்கு?"

ஃபாரூக் திரும்பினான். ஜன்னல் மூடியிருந்தது. ஹிபாவின் சத்தமே இல்லை.

யா அல்லாஹ்! குனிந்து புகைக்குள் துழாவினான். சுருண்டு கிடந்த பிள்ளையை வாரி எடுத்து, வாசல் தாழ்ப்பாளைப் பிய்க்காத குறையாகத் திறந்து தெருவுக்கு ஓடினான். வரதன் தள்ளாடிக்கொண்டே பின்னால் வந்து படியில் விழுந்தான். பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது. உலுக்கினான், கத்தினான், முகத்தில் ஊதினான். கடைசியில் ஒரு இழுப்பு, ஒரு இருமல், அப்புறம் வீறிட்ட அழுகை.

தொழுகைத் துணியோடு ஓடிவந்த இஃபத் மார்பில் அடித்துக்கொண்டாள். "நான்தாங்க சாத்தினேன்! உள்ள ஜில்லுனு இருந்துச்சு, புழுக்கமே இல்லியேனு சாத்திட்டேன். எம் புள்ளைய நானே கொல்லப் பாத்தேனே!"

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் இன்னும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். ஃபாரூக் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"நீ இல்ல இஃபத். மூடினா உயிருக்கே ஆபத்துன்னு எனக்குத் தெரியும். சொன்னா நீ விட மாட்டேன்னுதான் மறைச்சேன்."

இஃபத்தின் அழுகை நின்றது. பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அவனும் ஏறக் காலை வைத்தான்.

"நீங்க வர வேணாம்" என்றாள்.