வெயிலில் காய்ந்த படகு

கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்த வருஷத்தில் என் அப்பா ஒரு படகு செய்யச் சொன்னார்.

எண்பதுகளின் நடுவில் இருக்கும். நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். திருச்சுழிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் கரிசல் ஊர் எங்களுடையது. மிளகாயும் பருத்தியும் போடுவோம். மழை பெய்தால் வீட்டுக்கு வரும். ஊருக்கு மேற்கே பெரிய கண்மாய். பெரிது என்பது அதன் கரையைப் பார்த்துச் சொல்வது. தண்ணீரைப் பார்த்துச் சொல்ல எனக்கு அதுவரை வாய்க்கவில்லை.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் அம்மா பிறந்த ஊர். கரைமேல் ஏறி நின்றால் அங்கிருக்கிற புளியமரங்கள் தெரியும். காலையில் அடுப்புப் புகைகூடத் தெரியும். ஆனால் நாங்கள் யாரும் அங்கே போகக் கூடாது. அதற்குக் காரணம் ஒரு வேளைச் சோறு.

மாமாவின் கல்யாணத்தில் நடந்தது அது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெண் வீட்டுக் கூட்டம் அதிகமாகி, முதல் பந்தியில் இடம் நிறைந்துவிட்டது. மூத்த மாப்பிள்ளையான அப்பாவை உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவர் பந்தல்காலைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்திருக்கிறார். இரண்டாம் பந்திக்கு யாரோ கூப்பிட்டபோது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம்:

"இனிமே இந்த ஊரு மண்ண நான் மிதிக்க மாட்டேன். எம் பொண்டாட்டி பிள்ளையும் மிதிக்க மாட்டாக."

மாமா புது மாப்பிள்ளை முறுக்கில், "வராட்டிப் போங்க. எங்க வீட்டாளுகளும் உங்க வாசலுக்கு வர மாட்டாக" என்றாராம்.

அப்போது நான் கைக்குழந்தை. யாருடைய மடியிலோ உட்கார்ந்து முதல் பந்தியிலேயே நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன் என்று பிற்பாடு சொன்னார்கள்.

பந்தலில் சொன்ன சொல்லை எங்கள் பக்கம் யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டால் சோற்றுக்காகத் திரும்பி வந்தான் என்று பேசுவார்கள். அப்பா மற்ற விஷயங்களில் பூனை மாதிரி மனிதர். அந்த ஒருநாள் மட்டும் எப்படியோ சத்தமாகப் பேசிவிட்டார்.

இதில் மாட்டிக்கொண்டது அம்மாவும் பெரியம்மாவும். பெரியம்மா அம்மாவின் அக்கா. தாய் சின்ன வயதிலேயே போய்விட, தங்கையையும் தம்பியையும் வளர்த்தது அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருந்தார். ஒருமுறை களத்தில் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவருக்குக் கட்டில்தான் உலகம். இல்லையென்றால் அக்காளும் தங்கையும் திருச்சுழிக் கோவிலிலோ அருப்புக்கோட்டைச் சந்தையிலோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுந்து நடக்க முடியாதவர் வர முடியாது. நடக்க முடிந்தவள் போகக் கூடாது.

இரண்டு ஊருக்கும் போய்வருகிற வளையல்காரர்தான் தகவல் சொல்வார். "அக்கா முன்ன மாதிரி சாப்பிடுறதில்ல தாயி. ஒங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக" என்று அவர் ஒருமுறை சொன்னபோது, அம்மா புது வளையலைக் கையில் ஏற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆட்டைத் தேடப் போகிறேன் என்று கரைமேல் போய் நிற்பாள். ஆடு வீட்டில் கட்டிக் கிடக்கும்.

அந்தச் சமயத்தில்தான் படகு.

அப்பா எங்கள் ஊர் ஆசாரியை பஸ்ஸில் வேம்பார் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அங்கே கிடந்த வள்ளங்களைக் காட்டி வந்தார். ஆசாரி அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை. திரும்பி வந்தும் குழப்பம் தீரவில்லை.

"அண்ணே, கதவு கேளுங்க, வண்டி கேளுங்க, கலப்பை கேளுங்க. இது எதுக்குண்ணே?"

"மீனு பிடிக்க."

"மீனு எங்கண்ணே இருக்கு?"

"தண்ணி வந்தா வரும்" என்றார் அப்பா.

மாம்பலகையை நெருப்புக் காட்டி வளைத்து, உள்ளே வாகைச் சட்டம் கொடுத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே பருத்திப் பஞ்சைத் திரித்துக் குங்கிலியப் பசையில் தோய்த்து அடைத்து, எங்கள் மாட்டுத் தொழுவத்திலேயே ஆசாரி அதைச் செய்தார். இரண்டு முனையும் ஒரே மாதிரி கூராக, மேலே மூடாமல், பெரிய அவரைக்காயைப் பிளந்து வைத்ததுபோல் இருந்தது. இரண்டு பேர் உட்காரலாம்.

நடுவில் ஒருநாள் அப்பா அம்மாவைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்கச் சொல்லி, அவள் நாடிக்கு நேரே, மோவாய் உயரத்தில், கரிக்கட்டியால் கோடு இழுத்தார்.

"இது எதுக்கு?" என்றாள் அம்மா.

"அடுப்படியில பலகை ஒண்ணு அடிக்கணும். ஒனக்கு எட்டணும்ல."

பலகை வரவே இல்லை. கரிக்கோடு மட்டும் நிலையில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா ஏதாவது முணுமுணுப்பாள்.

படகோடு ஒரே ஒரு துடுப்பு வந்தது. நான் நிறுத்திப் பார்த்தேன். என்னைவிட உயரம். அப்பாவின் பக்கத்தில் வைத்தால் அவருக்குக் குட்டை. ஆகவே அது எனக்குத்தான் என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடப் பாவாடையை வளர்த்திக்கு எடுப்பதுபோல் துடுப்பையும் வளர்த்திக்குச் செய்திருக்கிறார். இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வெள்ளாட்டுக் குட்டிகளை ஏற்றிக்கொண்டு தொழுவத்துக்குள்ளேயே காற்றைத் துழாவி எத்தனையோ ஊர்களுக்குப் போனேன்.

அந்த வருஷம் மழை இல்லை. அடுத்த வருஷமும் இல்லை.

டீக்கடையில் அப்பாவைக் கண்டால் ஆட்களுக்குக் கொண்டாட்டம். "ஏலே, படகுக்குத் தண்ணி காட்டிட்டியா?" என்பார் ஒருவர், மாட்டைக் கேட்பதுபோல. "தூத்துக்குடிக்கு லோடு இருக்காம்ல, ஏத்துவமா?" என்பார் இன்னொருவர். அப்பா டீயை மட்டும் பார்த்துக் குடிப்பார்.

ஆனால் படகை அவர் கவனித்துக்கொண்ட மாதிரி எதையும் கவனித்துக்கொண்டதில்லை. காலையில் வெளியே எடுத்து வெயிலில் கவிழ்த்துப் போடுவார். சாயங்காலம் உள்ளே தூக்கிவைப்பார். தூறல் விழுந்தால் மிளகாய் வற்றலை அள்ளுவதற்குமுன் படகுக்குச் சாக்குப் போடுவார். "ஈரம் பட்டா மரம் ஊதிரும்" என்பார். கதவுக்கும் நிலைக்கும் அது சரிதான். மாட்டுச் சிறுநீர் தெறிக்கக்கூடும் என்று மாட்டையே இடம் மாற்றிக் கட்டினார்.

அதற்கு அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து, பிறகு விடாமல் பெய்து, கால்வாயில் செந்தண்ணீர் வந்து, ஒருநாள் விடிந்து பார்த்தால் ஆடு மேய்ந்த இடமெல்லாம் கடலாகக் கிடந்தது. கருவேலமரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. கரையில் ஊரே நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள்.

படகை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். டீக்கடை ஆட்களே கைகொடுத்தார்கள். முனையில் செவ்வந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தண்ணீரில் தள்ளினார்கள். நான் துடுப்போடு தயாராக நின்றேன்.

படகு கொஞ்சம் மிதந்தது. பிறகு ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. ஓட்டைப் பானையில் வருவதுபோல் வரவில்லை. வியர்ப்பதுபோல், எல்லா இடத்திலும் ஒன்றாக வந்தது. யாரும் ஏறுவதற்கு முன்பே மாலையோடு சேர்ந்து இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது.

"தண்ணி காட்டச் சொன்னா குடிக்கவே குடுத்துட்டியேப்பா" என்றார் டீக்கடைக்காரர். கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேனோ என்னவோ. அப்பா சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வளையல்காரர் அதற்கு முந்தின வாரம்தான் வந்து போயிருந்தார். பெரியம்மாவுக்குக் கஞ்சிதான் இறங்குகிறது என்று சொல்லியிருந்தார்.

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கு ஆளக் கூட்டி அத வெளிய இழுக்கணும்" என்றார் அப்பா சுவரிடம்.

"இழுக்காதீக. கெடக்கட்டும்."

"எதுக்கு, அழுகவா?"

"கோடையில வண்டிச் சக்கரம் ஆட்டங் கண்டா என்ன செய்வீக?"

"கெணத்துத் தொட்டியில ஊறப் போடுவோம்."

"இதுவும் மரந்தான?"

எங்கள் ஊரில் சக்கரத்தை ஊறப்போடாத வீடு கிடையாது. காய்ந்தால் சுருங்கும், ஊறினால் இறுகும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். படகைச் செய்த ஆசாரிக்கும் தெரியும். ஆனால் தண்ணீருக்கென்று செய்த பொருளைத் தண்ணீரில் போட்டு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல பொருள் என்றால் நனையாமல் வைக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் பழக்கம். அப்பா எழுந்து உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

படகு முங்கியே கிடந்தது. பிறகு தூக்கி, தண்ணீரை இறைத்து, மறுபடியும் விட்டபோது மரம் ஊறிப் பொருந்தியிருந்தது. அன்றைக்கு வேடிக்கை பார்க்க ஆளில்லை. அப்பா, அம்மா, நான் மட்டும்.

நான் கையை நீட்டினேன். அப்பா துடுப்பை அம்மாவிடம் கொடுத்தார்.

"மீனு இருக்கான்னு பாத்துட்டு வா."

"எந்தப் பக்கம்?"

"மேக்கதான் இருக்குன்னு சொல்றாக." படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "படகவிட்டுக் காலக் கீழ வைக்காத. தண்ணிதான, மண்ணில்ல" என்றார்.

அம்மா துடுப்பைத் தரையில் ஊன்றி நிறுத்தினாள். அது சரியாக அவள் நாடியைத் தொட்டது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு கருவேலமரத்தில் எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வளர்த்திக்கு என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்த துடுப்பு. சமாதானத்துக்காக என்னை முன்னால் உட்காரவைத்தார்கள்.

அம்மாவுக்குப் படகு விடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சின்ன வயதில் அவளும் பெரியம்மாவும் பனந்தோணியில் போய் அல்லிக்கிழங்கு பறிப்பார்களாம். முதலில் படகு ஒரு பக்கமாகச் சுற்றியது. பிறகு துடுப்பு ஒரு கணக்குக்கு வந்தது. தண்ணீர் பலகைக்கு அடியில் மெல்லப் பேசிக்கொண்டே வந்தது. தினம் நான் ஆடு பத்திப் போகிற இடத்துக்குமேல் போய்க்கொண்டிருந்தோம். மரத்தின் உச்சிக்கிளையைக் கையால் தொட்டேன்.

அப்பா கரைமேல் எங்களோடு சமமாக நடந்து வந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தார். அது எங்கள் படகுக்குப் பாதி தூரம்கூட எட்டாது. ஊர் எல்லைக் கல் வந்ததும் அதற்குமேல் வராமல் நின்றுகொண்டார்.

பெரியம்மா வீட்டுக் கொல்லை தண்ணீரிலேயே முடிந்தது. பாத்திரம் கழுவ வந்த அத்தை எங்களைப் பார்த்துப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் மாமாவும் இன்னொருவரும் கட்டிலோடு பெரியம்மாவைத் தூக்கிவந்து, கட்டில் கால் தண்ணீரில் நிற்கிறபடி வைத்தார்கள்.

அக்காளும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏட்டி, இப்படிக் கறுத்துப் போயிட்டயே."

"நீ மட்டும் செவந்தா கெடக்க?"

"வாய் கொறையல" என்று பெரியம்மா சிரித்தார். என்னைப் பார்த்து, "இந்தா, நம்ம மூக்கு" என்றார்.

நான் குதித்து இறங்கப் போனேன். அம்மா என் சடையைப் பிடித்து இழுத்தாள். "காலக் கீழ வைக்காத."

மாமா அதைக் கேட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவந்து படகின் விளிம்பைப் பிடித்தார். "ஆடுது. நான் பிடிச்சிக்கிறேன், நீ பேசுக்கா." பேசி முடிகிற வரைக்கும் வேறெங்கோ பார்த்தபடி அப்படியே நின்றார். உள்ளேயிருந்து தாளிக்கிற வாசனை வந்தது.

புறப்படும்போது அத்தை ஒரு தூக்குவாளியும் அப்பளப் பொட்டலமும் நுனி இலையும் கொண்டுவந்தார். மாமா வாங்கி அம்மாவின் காலடியில் வைத்தார்.

"மச்சான்கிட்ட சொல்லு. வீட்டுல இன்னும் யாரும் சாப்பிடல. இதுதான் மொதல்ல எடுத்தது."

தண்ணீர் மாசி வரைக்கும் நின்றது. அதுவரை அம்மா பல தடவை மீன் பார்க்கப் போனாள். ஒரு மீன்கூடக் கொண்டுவரவில்லை. அப்பா கேட்டதும் இல்லை. பெரியம்மா அடுத்த மழையைப் பார்க்கவில்லை.

ஆனால் என் நினைவில் முதலில் வருவது அந்தச் சாயங்காலம்தான். மாமா சொன்னதை அம்மா அப்படியே சொல்லித் தூக்குவாளியை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் மத்தியானமே வயிறு நிறையக் கம்மஞ்சோறு சாப்பிட்டிருந்தார். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையை விரித்து, கண்மாய்த் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தார். அம்மா பரிமாறினாள். சோறு, பருப்பு, கூட்டு, அப்பளம், பாயசம்.

நான் எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன். எது சாப்பிட்டாலும் முதல் வாய் எனக்குத் தருகிற அப்பா, அன்றைக்கு நான் இருப்பதையே பார்க்கவில்லை. ஒரு பருக்கை விடாமல், மிக மெதுவாகச் சாப்பிட்டார். நான் குறிவைத்திருந்த அப்பளத்தையும் நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டார். துடுப்பும் போயிற்று, அப்பளமும் போயிற்று என்று ஓவென்று அழுதேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று இன்னும் சத்தமாக அழுதேன்.

அப்பா சாப்பிட்டு முடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்தார். விருந்து போட்ட வீட்டோடு உறவு நீடிக்க வேண்டும் என்றால் அப்படித்தான் மடிப்பார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கரையில் பந்தி பரிமாறியவர்கள் யாரும் இல்லை. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் இவர் எதற்காக இவ்வளவு ஒழுங்காக இலையை மடிக்கிறார் என்று, அழுகைக்கு நடுவில் எனக்கு விளங்கவே இல்லை.