நடத்தைச் சீட்டுக்கு அலைந்த ஆடி மாதம்

அம்மனை நம்பிக் கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். உங்களில் சிலர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை மூடி மறைத்து அம்மன் அருளுக்குச் சாட்சி சொன்னால் அவளே நம்ப மாட்டாள்.

எமர்ஜென்சி போட்ட வருஷம், ஆடி மாதம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதே மீனாட்சிபுரத்தில் மாமியார் வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். மாமியார் என்னோடு பேசுவதில்லை. அவர் மகன் இருந்தபோது, ஊர்த் திருவிழா நோம்பி நாடகத்தில் கொடுமைக்கார மாமியாராக நடித்தேன். என் மாமியார் நடையையும் பேச்சையும் அப்படியே எடுத்துக் காட்டினேன். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. தப்பு என்மேல்தான். ஆனால் வேஷம் நன்றாக இருந்தது.

பொள்ளாச்சியில் ஒரு நாடகக் கம்பெனிக்கு நடிகை வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனேன். என்னைப் பற்றிக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்துக்குத் தரும் ஜாதகக் குறிப்புதான். நட்சத்திரம், குலக் கூட்டம், காடு தோட்டம் எத்தனை ஏக்கர் என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஏனுங்கம்மா, மாப்பிள்ளையா தேடறீங்க?" என்றார் மேனேஜர். "போட்ட வேஷம், பாடற பாட்டு, அதையெல்லாம் எழுதுங்க. உங்க நடத்தைக்கு ஊர்க்காரங்க ஒருத்தர்கிட்ட சீட்டு வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துருங்க. போலீஸ் கேட்டா காட்டோணும்."

வேஷங்களை ஒரே மூச்சில் எழுதினேன். சீட்டுக்குத்தான் நாய் படாத பாடு பட்டேன். அன்றைய கோயில் கமிட்டித் தலைவர், "வேசங்கட்டற பொம்பளைக்கு நடத்தைச் சீட்டா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். இங்கே உட்கார்ந்திருக்கும் நாலு பேர் வீட்டுப் படி ஏறினேன். யாரென்று அவர்களுக்கே தெரியும். கதவைச் சாத்தினார்கள். வியாழக்கிழமை இந்தச் சன்னதியில் நின்று அழுதேன். அழுகை என்ன அழுகை, சண்டைதான்.

"உனக்குக் கண்ணிருந்தா ஒருத்தரை அனுப்பு. இல்லாட்டி இனி உனக்கு வெளக்கு வெக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, வெறும் குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலில் மாமியார் வெளுத்த சேலை கட்டி நின்றிருந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"நானும் வர்றேன், நட."

"எதுக்குங்க அத்தை?"

"உன்னையக் கண்டாலே எனக்கு ஆவாது. அது ஊருக்கே தெரியும். அதனால நீ ஒழுக்கமானவள்னு நான் சொன்னாத்தான் நம்புவாங்க."

பொள்ளாச்சிவரை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார். மேனேஜர் அவரை யாரென்று கேட்டார். "இவ மாமியா" என்றார். மேனேஜர் மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். என் குறிப்பின் அடியில் மாமியார் கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தி வைத்தார். கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது.

நாலு வருஷமாக நடிக்கிறேன். என் சோறு என் உழைப்பு. எனக்கும் மாமியாருக்கும் இன்றும் ஒத்துவராது. ஆனாலும் வெள்ளி தவறாமல் இருவரும் சேர்ந்துதான் இங்கே விளக்கு வைக்கிறோம்.

நம்பிக் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் அவள் காது கொடுப்பாள். யாரை அனுப்ப வேண்டுமென்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் உங்களில் ஒருத்தரைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அவள் எனக்கு என் மாமியாரைத் தந்தாள்.