ஈரச்சாக்கும் அம்பாசிடரும்

என் அம்பாசிடரைப் பார்த்து மயங்காத ஆள் ஒத்தக்கடையில் கிடையாது என்று நான் சொல்லிக்கொள்வேன். என் மனைவி மட்டும் மயங்கியதில்லை. போன சித்திரையில் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"மேல மினுக்கி வச்சு என்னத்துக்கு? அடியில எப்பிடி இருக்குன்னு பாருங்க. நல்லா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இத்துப்போயிருந்தா பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஏசி வண்டி எடுப்போம். இந்தச் சூட்டுல என்னால ஒக்கார முடியல."

கல்யாணமான மறுவருஷம் வாங்கிய வண்டி. அதை எடைக்குப் போடுவதா? இருந்தாலும் வீறாப்பாக, "பாத்துருவோம்" என்றேன். வருஷாவருஷம் மழைக்கு முன்னால் மெக்கானிக்கைக் கொண்டு அடிப்பக்கம் முழுக்கக் கழிவு ஆயில் அடிக்க வைக்கிறவன் நான். துருவாவது, பிடிக்கிறதாவது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லூரிலிருந்து அந்த மெக்கானிக் வந்தார். இந்த வண்டிக்கு என்னைவிட நெருங்கிய சொந்தம் அவர்தான். முன்சக்கரங்களைச் சாய்வான இரும்புத் தாங்கிகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். தரையில் தார்ப்பாயை விரித்து இருவரும் அடியில் நுழைந்தோம்.

அங்கே காரைக் காணோம், மண்தான் இருந்தது. நான் அடிக்கச் சொன்ன ஆயிலில் மேலூர் ரோட்டுப் புழுதியெல்லாம் வந்து ஒட்டி, அடைத் தடிமனுக்கு இறுகிக் கிடந்தது.

"அண்ணே, இதுல வெண்டிக்கா போடலாம்ணே" என்றார் மெக்கானிக்.

டீசலைத் தடவி ஊறவிட்டு, தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்தோம். கண்ணில் விழுந்தது, வாயில் விழுந்தது. தும்மினால் நெற்றி இடித்தது. ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அழுக்குக்கு அடியில் பழைய கறுப்பு பெயின்ட் அப்படியே பளபளத்தது. "வந்து பாரு, இரும்பு மாதிரி இருக்கு!" என்று அடுப்படிவரை கேட்கக் கத்தினேன். இரும்பு இரும்பு மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும் என்று மெக்கானிக் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பின்பக்கம் முடிந்தது. ஓட்டுநர் பக்கமும் முடிந்தது. முன்சீட்டின் இடது பக்கம் வந்தபோதுதான் என் தகடு பொதுக்கென்று உள்ளே போனது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து என் நெஞ்சில் விழுந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன். "என்னய்யா ஆயில் அடிச்ச? இந்த எடத்த மட்டும் விட்டுட்டியா?"

அவர் ஓட்டையில் தொங்கிய மக்கிப்போன சணல் கிழிசலைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். "ஆயில் கீழருந்துதாண்ணே காக்கும். நீங்க மேலருந்து ஊத்துன தண்ணிய அது என்ன செய்யும்?"

அது நான் விரித்த சாக்குதான். ஆயுதபூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வண்டியில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவாள். என்ஜின் சூட்டில் தரை கொதிக்கும். வெறுங்கால் பொறுக்குமா? அதனால் கோடையில் கிளம்பும்போதெல்லாம் கோணிச்சாக்கை நனைத்து அவள் காலடியில் விரித்து, மேலே ரப்பர் கால்மிதியைப் போடுவேன். அத்தனை வருஷமும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"மதினிட்ட சொல்லாம வெல்டு வச்சிரலாம்ணே" என்று மெக்கானிக் கிசுகிசுத்தார். ஆசையாகத்தான் இருந்தது. அதற்குள் மேலே கதவு திறந்தது. என் கத்தலைக் கேட்டு வந்தவள், வழக்கம்போலச் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கால்மிதிகளைக் காலையிலேயே எடுத்து வெளியே போட்டிருந்தோம்; ஓட்டை வழியாக ஒரு வெறுங்கால் மெட்டியோடு எட்டிப் பார்த்தது.

அடுத்து அவள் முகம் குனிந்து பார்த்தது. நான் மண் அப்பிய முகத்தோடு கிடந்தேன், கையில் சாக்குக் கிழிசல். அவள் அதையே பார்த்தாள்.

"தோத்துட்டேன்" என்றேன். "எடைக்குப் போட்டுருவோம்."

"என் காலடி மட்டுந்தான் இத்துப்போச்சா?"

"அம்புட்டுத்தான் மதினி, மத்ததெல்லாம் திடமா இருக்கு" என்றார் மெக்கானிக்.

கால் மேலே போனது. அவள் இறங்குகிற சத்தம் கேட்டது. தீர்ந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். கதவு மறுபடி சாத்திய சத்தத்தில் கண்ணைத் திறந்தால், ஓட்டைக்கு நேர் மேலே அவளுடைய செருப்பின் அடிப்பாகம் தெரிந்தது.

"வெல்டு வைக்கச் சொல்லுங்க" என்றாள். "சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிறாது."