காது மெஷினைக் கழற்றிவிட்டுப் பாலர் பள்ளிக்குப் போனோம்

இன்று காலை மலாக்காவில், காஜா பேராங் பகுதியில், ஒரு பாலர் பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டு நான் செய்த காரியம்...

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

என் மகள் தேவிஷாவுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது.

இரண்டு காதிலும் மெஷின் போட்டுவிட்டால் கேட்கும், பேசுவாள். (நிறுத்துவதுதான் கஷ்டம்!) மெஷின் இல்லையென்றால் பக்கத்தில் லாரி ஹார்ன் அடித்தால்தான் திரும்புவாள்.

பாலர் பள்ளியில் சேர்க்க இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

செமாபோக்கில் ஒரு பள்ளியில் அவள் காதைப் பார்த்ததுமே, "இங்க பிள்ளைங்க ஜாஸ்திங்க, எங்களால பாத்துக்க முடியாது" என்றார்கள்.

பத்து பெரெண்டாமில் இன்னொரு பள்ளி. "ஸ்பெஷல் ஸ்கூல்ல கேட்டுப் பாருங்களேன்" என்றார்கள். பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அதனால் இன்றைக்கு நானே ஒரு திட்டம் போட்டேன். (மகா புத்திசாலி!) கணவர் குமரனிடமும் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போய்விட்டார்.

காரிலேயே அவளுடைய மெஷின்களைக் கழற்றினேன்.

குளிக்கும்போதும் தூங்கும்போதும்தான் வீட்டில் கழற்றுவோம். அதனால் அவள் கேட்டாள்:

"குளிக்கவாம்மா?"

நான் ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது.

மெஷின் டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனோம்.

பள்ளியை நடத்துபவர் சரோஜா டீச்சர். முகம் கொடுத்துப் பேசினார். சுற்றிக் காட்டினார். சுத்தமான இடம், எங்கள் வீட்டிலிருந்து காரில் ஐந்தே நிமிடம்!

"பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் இருக்கா? அலர்ஜி, வலிப்பு, அந்த மாதிரி?"

"ஒன்னும் இல்ல டீச்சர். நல்லா இருக்கா."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

டீச்சர் தேவிஷாவை மற்ற பிள்ளைகளோடு பாயில் உட்கார வைத்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"தேவிஷா, அந்த மஞ்ச பந்த எடுத்துட்டு வாம்மா."

அவள் திரும்பவில்லை.

"தேவிஷா!"

இல்லை.

டீச்சர் கையைத் தட்டி இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். பிள்ளைகள் எல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல், தேவிஷாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.



பிள்ளையைச் சேர்க்க வந்திருந்த இன்னொரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "ரொம்ப செல்லம் போல. கூப்புட்டா திரும்பவே மாட்டேங்குதே!" என்றார்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமாங்க, கொஞ்சம் பிடிவாதம்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். பெற்ற பிள்ளையைப் பற்றி!

தேவிஷா பாயிலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள். என் மடியில் இருந்த கைப்பையைத் திறந்தாள். டப்பாவை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"குளிச்சாச்சும்மா. காது போடு."

தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த அறைக்கே கேட்டது.

பக்கத்து அம்மா தலையைக் குனிந்து தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் மெஷினை எடுத்து மாட்டினேன். அவசரத்தில் சரியாகப் பொருந்தாமல் அது கீ என்று விசிலடித்தது. ஒருவழியாக மாட்டி முடித்ததும் தேவிஷா மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாள். அதன் சத்தம் அப்போதுதான் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

டீச்சர் கோபப்பட்டால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன்மா கழட்டுனீங்க?"

"ரெண்டு எடத்துல இதப் பாத்துட்டுதான் வேணாம்னுட்டாங்க, டீச்சர்."

"மெஷினப் பாத்திருந்தா நானும் வேணாம்னு சொல்லிருக்கலாம், இல்லன்னு சொல்லல. இந்த மாதிரி பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுத்தது கிடையாது. ஆனா இப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைன்னு நெனச்சுட்டேன். வெளிய ரோடு இருக்கு. ஓடுற பிள்ளைய நான் 'நில்லு'ன்னு கத்தி, அவ நிக்கலன்னா?"

அழுதுவிட்டேன். (ஆமாம், பாலர் பள்ளியில் முதல் நாள் அழுதது அம்மா!)

அந்தச் சத்தம் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று டீச்சர் காற்றாடியின் வேகத்தைக் குறைத்தார். தேவிஷாவின் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"மஞ்ச பந்து எங்கம்மா?"

எடுத்து வந்து கொடுத்தாள். கூடவே, எங்கள் வீட்டில் இருக்கும் பந்து சிவப்பு, அது காருக்கு அடியில் போய்விட்டது, அப்பா படுத்துக்கொண்டுதான் எடுத்தார் என்று முழுக் கதையையும் சொல்லி முடித்தாள்.

டீச்சர் சிரித்துவிட்டார்.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. ஒரு வாரம் பாப்போம். சரியா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நீங்களும் கூட உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுக்கணும்."

சாயங்காலம் குமரன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "அவகிட்ட சாரி சொன்னியா?" என்றார்.

"அவளுக்கு என்ன புரியும்?"

"அவளுக்குப் புரியாதுன்னு நீயே சொன்னா எப்படி?"

என் வாய் அவளுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் உட்கார்ந்தேன். அம்மா செய்தது தப்பு, இனிமேல் குளிக்கவும் தூங்கவும் தவிர உன் காதைக் கழற்ற மாட்டேன், சாரிம்மா என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள். அப்புறம் குடிக்க மைலோ கேட்டாள்.

மன்னித்தாளா என்று தெரியவில்லை. மைலோ கலக்கும்போது இன்னும் கொஞ்சம் அழுதேன்.

மலாக்காவில் இப்படிப்பட்ட பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை அந்த வகுப்பில் உட்கார்ந்து, டீச்சருக்கு நான் முதலில் எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

திட்ட வேண்டும் என்றாலும் திட்டிவிட்டுச் சொல்லுங்கள். பரவாயில்லை.