கையெழுத்துக்கு மேலிருந்த வரி

பொறியியலாளராவது என் மகளின் ஆசை. எங்கள் தீவுப் பாடசாலையின் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு இல்லை. ஆகவே நயினாதீவிலிருந்து படகேறி, யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரி ஒன்றின் நேர்முகத்துக்கு அவளை அழைத்துப் போனேன். கடல் குழம்பியிருந்ததால் படகு பிந்தியது. ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்; பத்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

"கணிதம் நிரம்பிட்டுது. இப்ப பிள்ளையைத் தொழில்நுட்பப் பிரிவில சேர்த்துவிடும், மூண்டு மாதத்தில மாத்தித் தாறம்," என்றார் உப அதிபர்.

"கட்டாயம் மாத்தலாமோ, சேர்?"

"ஓம், ஓம். பின்னால ஆக்கள் நிக்கினம், படிவத்தில கையெழுத்தை வையும்."

தொழில்நுட்பம் படித்தால் பொறியியல் பீடத்துக்குப் போக முடியாதென்பது தெரியும். அந்த மூன்று மாதத்தை நம்பிக் கையெழுத்திட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது, அவர் படிவத்தை எடுத்துக் காட்டினார். 'தெரிவுசெய்த பிரிவை மாற்றக் கோரமாட்டேன்' என்ற வரி என் கையெழுத்துக்கு நேர் மேலே அச்சாகியிருந்தது.

"வாசிக்காமலோ வைச்சனீர்?" என்றார். தான் சொன்னது அவருக்கு ஞாபகமில்லையாம்.

இப்போது எதையும் கடைசி வரிவரை வாசித்த பின்பே கையெழுத்திடுகிறேன். வாக்குத் தருபவரிடம் அதை எழுதித் தரக் கேட்கிறேன். சென்ற வாரம் கல்லூரிச் சுற்றுலாவுக்கான அனுமதிப் படிவத்தை அப்படி வாசித்துக்கொண்டிருந்தேன். மகள் பேனாவை நீட்டியபடி நின்றாள்.

"அண்டைக்கு இப்பிடி வாசிச்சிருந்தால் போதும், அப்பா," என்றாள்.