வேலுவின்ட காலும் சம்மாட்டியின்ட பங்கும்

போன ஞாயிறு நான் எங்கட கிளப்புக்கு எதிராக் கை தட்டிப்போட்டன்.

கோவிக்காதேங்கோ. முதல்ல கதையைக் கேளுங்கோ, பிறகு ஏசுங்கோ. நான் மட்டுமே தட்டினன்? யப்பான்காரன்ட குண்டுக்குப் பயந்து மைதானத்தைச் சுத்தி வெட்டியிருக்கிற பதுங்குகுழி விளிம்புகளில காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த சனம் முழுக்கத் தட்டினது. கப்பல்கார வெள்ளையள் தொப்பியைக் கழட்டி மேலே எறிஞ்சாங்கள். கோலை வாங்கின எங்கட கீப்பர்கூடத் தலையில கையை வைச்சுக்கொண்டு சிரிச்சான்.

அப்பிடி ஒரு கோல். அடிச்சவன் ஆர்? எங்கட வேலு. இல்லை... போன மாசம் வரைக்கும் எங்கட வேலு.

வேலுவைத் தெரியாத ஆக்கள் திருகோணமலையில குறைவு. சல்லிக் கரையில வலை இழுக்கிற குடும்பம். பெண்சாதி, கைக்குழந்தை. அவன் இடது காலால பந்தைத் தொடுறதைப் பார்த்தால், பந்துக்குக் காது இருக்குதோ எண்டு நினைப்பீங்கள். சொன்ன இடத்துக்குப் போகும்.

ஆனால் அந்தக் கால்... என்னத்தைச் சொல்ல! ஒரு மட்ச் விளையாடினால் ஒரு மாசம் படுப்பான். முழங்கால் சுகமானால் கணுக்கால் பிசகும். கணுக்கால் சுகமானால் இடுப்புப் பிடிக்கும். குச்சவெளிப் பரியாரியார் காய்ச்சிற முறிவெண்ணெயில பாதி இவன்ட காலிலதான் ஊறுது. மைதானத்தில அந்த எண்ணெய் மணம் அடிச்சால் சனம் எழும்பி நிக்கும் — வேலு வாறான்.

எங்கட கிளப்பின்ட வழக்கம் உங்களுக்குத் தெரியும். விளையாடினவனுக்கு மட்ச் காசு, விளையாடாதவனுக்கு ஒண்டுமில்லை. கால் பிசகினால் வேலுவுக்கு வலையும் இழுக்க ஏலாது. சண்டைக்காலத்தில சாமான் விக்கிற விலையில, கூப்பன் அரிசி எடுக்கவும் கையில காசு வேணுமே. அவன் மைதானத்தில விழுந்தால் வீட்டில அடுப்பும் சேர்ந்து படுக்கும்.

அதுதான் போன மாசம் கமிட்டிக்கு வந்தான். கமிட்டி கூடுறது பொருளாளர் காசிம் நானாவின்ட கடைப் பின்னறையில. பத்திரிகைக்காரன் எண்ட பேரில நானும் ஒரு மூலையில இருந்து ஓசித் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தன். தலைவர் கோணாமலைச் சம்மாட்டி. கரைவலைச் சொந்தக்காரர். வேலுவின்ட அப்பா காலமெல்லாம் இழுத்தது அவரின்ட வலைதான்.

கதிரை குடுத்தும் வேலு இருக்கேல்லை.

"ஐயா, காசைக் கூட்டித் தாங்கோ எண்டு கேக்க வரேல்லை. விழுந்து கிடக்கிற நாளுக்கும் ஏதாவது தாங்கோ. பாதியெண்டாலும் காணும்."

காசிம் நானா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "தம்பி, நீ ஓடுற நாளை விடக் கிடக்கிற நாள்தானே கூட. கிளப் தாங்காதுடா."

"துறைமுக வேலைத்தளத்து டீம் வேலையும் தந்து கூப்பிடுறாங்கள், நானா. கால் பிசகினால் ஸ்டோரில ஒரு கதிரை போட்டு இருத்துவினமாம். சம்பளம் நிக்காதாம்."

வேலு சம்மாட்டியைப் பார்த்தான்.

"ஐயா, உங்கட வலையிலதானே அப்பாவின்ட தோள் கழண்டது. அவர் பாயில கிடந்த நாளெல்லாம் பங்கு வீட்டுக்கு வந்தது. ஒரு நாளும் தவறேல்லை."

உண்மைதான். வலையில அடிபட்டவன் கரைக்கு வராட்டியும் அவன்ட பங்கைக் கூறு போட்டுத்தான் சம்மாட்டி தன்ட பங்கில கை வைப்பார். இதில கோணாமலைச் சம்மாட்டியை மிஞ்ச எங்கட கரையில ஆளில்லை.

ஆனால் அவர் சொன்னது இதுதான்: "அது வலையடா. வலையில விழுந்தவனைப் பட்டினி போட்டால் நான் கடலில இறங்கேலுமோ? இது பந்தடி. விளையாட்டுக்கு ஆரும் பங்கு பிரிப்பினமோ?"

வேலு வாசல் பக்கம் திரும்பினான். "அப்ப போயிட்டு வாறன், ஐயா" எண்டான். இரு எண்டு சொல்ல ஆருமில்லை. நானும் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தன்.

அவன் போன பிறகு காசிம் நானா சொன்னார்: "அந்தக் காலை வைச்சு அவங்களும் என்ன செய்யப் போறாங்கள்? கொஞ்ச நாளில திரும்பி வருவான், பாருங்கோ." எல்லாருக்கும் அது நல்ல கதையாப் பட்டது.

இனி ஞாயிறுக்கு வாறன். எங்களுக்கும் வேலைத்தளத்து டீமுக்கும் மட்ச். அவங்கட பக்கத்தில எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தாங்கள். வேலு மட்டும் வெறுங்கால். முழங்காலில எண்ணெய்ச் சீலை.

கடைசி நேரம். ஆளுக்கு ஒரு கோல். கடற்கரைப் பக்கக் கோட்டில வேலுவிட்டைப் பந்து வந்தது. எங்கட ரெண்டு பேர் பாய்ஞ்சாங்கள். அவன் உள்ளங்காலால பந்தை ஒரு அமத்து அமத்தினான், அவ்வளவுதான். பாய்ஞ்ச ரெண்டு பேரும் வழுக்கிக்கொண்டு அங்காலை போனாங்கள். மூண்டாவது ஆள் வலப்பக்கம் மறிச்சான், பந்து இடப்பக்கம் போச்சுது. கீப்பர் கையை விரிச்சுக்கொண்டு முன்னுக்கு ஓடி வாறான். இனி ஓங்கி அடிப்பான் எண்டு பார்த்தால்... பெருவிரலால மெல்லமாத் தூக்கி விட்டான். பந்து கீப்பரின்ட தலைக்கு மேலால போய், குறுக்குக் கம்புக்குக் கீழ இறங்கி, நிலத்தில ஒருக்கால் குத்தி உள்ளுக்குப் போனது.

சனம் முழுக்க எழும்பிக் கை தட்டினது. சத்தியமாச் சொல்லுறன், எனக்குக் கண் கலங்கிப் போச்சுது. இந்தத் துறைமுகத்துக்குள்ள மலை மாதிரிக் கப்பலெல்லாம் வந்து நிக்கிறதைப் பார்த்துப் பழகின ஆள் நான். ஒரு மனுசன்ட பெருவிரலைப் பார்த்து வாயைப் பிளந்து நிண்டது இதுதான் முதல்தரம்.

வேலு சந்தோசத்தில ஒரு குதி குதிச்சான். இறங்கேக்க முழங்கால் மடிஞ்சுது. மனுசன் எழும்பேல்லை.

முதல் ஆளா ஓடினது ஆரெண்டு நினைக்கிறீங்கள்? கோணாமலைச் சம்மாட்டி. அந்த வயசில, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு. தோளில கிடந்த சால்வையை உருவி வேலுவின்ட முழங்காலை இறுக்கிக் கட்டினார். பிறகு வேலைத்தளத்து ஆக்கள் தூக்கிக்கொண்டு போனாங்கள்.

அடுத்த நாள் விடிய மீன் வாங்கச் சல்லிக் கரைக்குப் போனன். பாரை, சூடை மீனெண்டு வலையில நல்ல பாடு. கூறு போட்டாச்சு, எல்லாரும் எடுத்தாச்சு, ஒரு கூறு மிச்சம் கிடக்குது.

"இது ஆருக்கு?" எண்டு வலை இழுத்த ஒருத்தர் கேட்டார்.

"வேலுவுக்கு" எண்டார் சம்மாட்டி.

"அவன் எங்களுக்கெல்லோ கோல் அடிச்சவன்!"

"விழுந்தது எங்கட மண்ணிலதானே. கொண்டுபோய்க் குடுங்கோ."

ஒருத்தரும் முன்னுக்கு வராததால பன்கூடையை என்ட கையில தந்திட்டார். கொண்டு போனன். வேலு காலை நீட்டிக்கொண்டு பாயில கிடந்தான். குசினிக்குள்ள சோறு கொதிக்குது. வேலைத்தளத்துச் சம்பளம் நிக்காது. அவனுக்கு இந்தப் பங்கு தேவையே இல்லை. எண்டாலும் ரெண்டு கையாலும் வாங்கினான். தலைமாட்டில சம்மாட்டியின்ட சால்வை தோய்ச்சு மடிச்சுக் கிடந்தது.

"ஐயாட்டைச் சொல்லுங்கோ" எண்டான், கோவமில்லாமல். "இந்தக் கூறை அண்டைக்குக் கமிட்டியில வைச்சிருந்தால், நேற்று அந்தக் கோல் மற்றப் பக்கம் போயிருக்கும்."

வந்து அப்பிடியே சொன்னன். சம்மாட்டி நனைஞ்ச கயிறைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ஓம்" எண்டார்.

செவ்வாய்க்கிழமை அவசரக் கமிட்டி. சம்மாட்டி எழும்பி நிண்டு சொன்னார்: எங்கட கிளப்புக்கு விளையாடி விழுறவனுக்கு, எழும்பும் வரைக்கும் பங்கு உண்டு. காசிம் நானாதான் முதல்ல கையை உயர்த்தினார். எதிர்ப்பு இல்லை.

நல்ல சட்டம். அதுக்குப் பெறுமதியான கால் ஒண்டுதான் இப்ப எங்களிட்டை இல்லை.